நாய்ப் பிழைப்பு: ஒரு தொழிலுக்குப் பெயர் வந்த கதை

ஒருவருடைய சீவியம் சீரழிஞ்சு போச்சு எண்டு சொல்ல எங்கட ஆட்கள் பாவிக்கிற சொல் ஒன்று இருக்கிறது: நாய்ப் பிழைப்பு. நாய் படும் பாடு, நாய்க்குக் கிடைக்கும் மரியாதை, நாயின் அலைச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். "நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது பழமொழி.

இப்ப கொழும்பில் சில பெடியளும் பெட்டையளும் அந்தச் சொல்லை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுடைய நாயைக் காலையும் மாலையும் உலாத்தக் கொண்டுபோய், வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் சாப்பாடு வைத்து, தண்ணீர் மாற்றி, அதற்குக் காசு வாங்குகிற வேலை. "படிச்சுப்போட்டு நாய் மேய்க்கப் போறியா?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நாயைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குக் கூலி கிடைப்பது புதிதில்லை. அந்த வேலையைச் செய்கிறவருக்கு ஒரு பெயரும், அவர் சொல்கிற விலையும், அவர் கையில் அடுத்தவர் வீட்டுச் சாவியும் கிடைத்ததுதான் புதிது. இது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

நாய் இருந்தால் ஊர் இருக்கும்

இந்தத் தீவின் எழுதப்பட்ட வரலாற்றுக் கதை தொடங்குகிற இடத்திலேயே ஒரு நாய் நிற்கிறது. மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தில் விஜயனும் கூட்டாளிகளும் கரை இறங்கியதும் ஒரு யட்சினி பெண் நாயின் உருவில் அவர்கள் முன்னால் வருகிறாள். விஜயனின் ஆள் ஒருவன் அதன் பின்னால் போகிறான். ஊர் இருக்கிற இடத்தில்தானே நாய் இருக்கும் என்பது அவனுடைய கணக்கு. அந்த வழி அவனைக் குவேனியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கதையை நம்புவதும் விடுவதும் வேறு விஷயம். நாய் தனியாக இருக்காது, அது இருந்தால் பக்கத்தில் மனிதர் இருப்பார்கள் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் அந்த நாய்க்குச் சோறு போட்டது யார் என்று எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. ஊரோடு சேர்ந்து வாழ்ந்த நாய்க்குத் தனியாக ஒரு வேலையாள் தேவைப்படவில்லை. மிஞ்சிய சோறும் முற்றத்து நிழலும் போதுமாக இருந்தது. நாயைப் பார்க்கவென்றே ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க, நாய் முதலில் தெருவிலிருந்து பிரிந்து ஒரு பெரிய வீட்டுக்குள் போகவேண்டியிருந்தது.

கயிற்றைப் பிடித்தவர்

அந்தப் பெரிய வீடுகளில் வெள்ளைக்காரர்களின் வீடுகளும் அடக்கம். யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கில-இந்தியச் சொல்லகராதியில் 'டூரியா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'டோர்' என்றால் ஹிந்தியில் கயிறு. கயிற்றைப் பிடித்து நாயைக் கொண்டு திரிகிற வேலைக்காரன்தான் டூரியா. நம் துணைக்கண்டத்தில் 'நாய் உலாத்துபவர்' என்ற தொழிலுக்கு இருந்த பழைய பெயர்களில் இதுவும் ஒன்று.

அந்தச் சொல்லுக்கு அகராதி காட்டுகிற உதாரணங்களில் ஒன்று 1781ஆம் ஆண்டு கல்கத்தாப் பத்திரிகை விளம்பரம். ஒரு கப்டனின் படகிலிருந்து நாய் காணாமல் போய்விட்டது, அதைக் கொண்டுவந்த டூரியாதான் எடுத்துக்கொண்டு போனான் என்கிறது அந்த விளம்பரம். ஆக, இந்த வேலையைச் செய்தவர் அச்சில் நமக்குத் தெரிகிறபோதே திருடன் என்ற குற்றச்சாட்டோடுதான் தெரிகிறார். அவருடைய பெயர் இல்லை, அவர் பக்கத்துக் கதையும் இல்லை. சம்பளம் கிடைத்ததா, நாய் உண்மையில் எங்கே போனது, ஒன்றும் இல்லை. கப்டனின் பெயர் மட்டும் இருக்கிறது.

இதில் சாதியும் இருந்தது. வடஇந்தியாவில் வெள்ளைக்காரர் வீடுகளில் நாயைக் குளிப்பாட்டுவதும் அதற்குச் சாப்பாடு வைப்பதும் பெரும்பாலும் 'மேத்தர்' எனப்பட்ட துப்புரவுத் தொழிலாளியின் தலையில்தான் விழுந்தது. நாயைத் தொடுவது தீட்டு என்று மற்ற வேலைக்காரர்கள் ஒதுங்கினார்கள். மலக்கூடம் கழுவுகிற அதே கைக்கு நாயும் ஒப்படைக்கப்பட்டது. "நாய் மேய்க்கப் போறியா?" என்ற கேள்வியில் இருக்கிற ஏளனம் வெறும் சம்பளக் குறைவைப் பற்றியது என்று நினைக்காதீங்க. யார் செய்யவேண்டிய வேலை இது என்ற பழைய கணக்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இலங்கையிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. 1848இல் நுவரெலியாவுக்கு வேட்டை நாய்களோடு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், 1850களில் இலங்கையில் தான் ஆடிய வேட்டைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஸ்மட், கில்பக், பிரான் என்று அவருடைய நாய்களின் பெயர்கள் இன்றைக்கும் நமக்குத் தெரியும். ஒவ்வொரு நாயின் குணத்தையும் வீரத்தையும் அவர் விவரிக்கிறார். அந்த மலைநாட்டுக் குளிரில் அந்த நாய்களுக்காக உழைத்த உள்ளூர் ஆட்களுக்கு அப்படியொரு பட்டியல் நமக்கு வந்து சேரவில்லை.

கொல்வதற்குக் கூலி

அதே காலத்தில் நகரங்களில் நாயால் காசு சம்பாதிக்க வேறொரு வழியும் இருந்தது: கொல்வது. பம்பாயில் தெருநாயைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1832 ஜூனில் அதற்கு எதிராகப் பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். நாய் அவர்களுடைய மதத்தில் மதிப்புக்குரியது. அவர்கள் கடைகளை அடைத்தார்கள், கலவரம் வெடித்தது, படை வரவழைக்கப்பட்டது. நாய்க்காக ஒரு நகரம் நின்றுபோனது.

ஆனால் நாய்க்குப் பயப்படவும் நியாயமான காரணம் இருந்தது. விசர்நாய் கடித்து நோய் தொடங்கிவிட்டால் சாவுதான். 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய பிறகுதான் கடிபட்டவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. அந்த ஊசி நம் ஊர்களுக்கு வந்து சேரக் காலம் எடுத்தது. அதற்கு முன்னமே சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் 1893இல் விசர்நோய்க் கட்டளைச் சட்டம், 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம், 1907இல் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம்.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்க. பதினைந்து வருடத்துக்குள் நாய் என்ற பிராணி சட்டத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. உள்ளூராட்சியில் பதிந்து, கட்டணம் கட்டி, கயிற்றில் இருக்கிற நாய் ஒருவருடைய சொத்து. கயிறில்லாமல் தெருவில் திரிகிற நாய் கட்டாக்காலி. அதைப் பிடிக்கவும் அழிக்கவும் அதிகாரம் இருந்தது. அதுவரைக்கும் ஊருக்குப் பொதுவாக இருந்த நாய்க்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. நாயை வெளியே கொண்டுபோக ஒரு மனிதர் கட்டாயம் தேவைப்பட்டது இதற்குப் பிறகுதான். அதற்கு முன் நாய் தானே போய்த் தானே வந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் நிற்பதுதான் அந்த நாய் உயிரோடு வீடு திரும்புவதற்கான உத்தரவாதம். உலாத்துகிற வேலை வசதிக்காரர்களின் பொழுதுபோக்கிலிருந்து மட்டும் பிறந்ததாக நான் நினைக்கவில்லை. நகரத்தின் பயமும் அதைப் பெற்றது.

அந்தப் பயம் நீண்ட காலம் இருந்தது. 1973இல் மட்டும் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். 1970களின் நடுவிலிருந்து நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது. 2010க்குப் பிறகு அது வருடத்துக்கு 50க்கும் கீழே. 2006இல் அப்போதைய சனாதிபதி மகிந்த ராஜபக்ஷ கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை நிறுத்தச் சொன்னார். அதற்கடுத்த வருடங்களில் கொழும்பு மாநகர சபையும் புளூ போ ட்ரஸ்ட் என்ற அமைப்பும் சேர்ந்து நகரத்து நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடைச் சிகிச்சையும் செய்தன. சென்னையில் இதே வழியை, 1959இல் கப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே சொல்லத் தொடங்கியிருந்தது.

கொல்வதற்குக் கூலி கொடுத்த காலம் போய், பார்த்துக்கொள்வதற்குக் கூலி கொடுக்கிற காலம் இப்படித்தான் வந்தது. ஆனால் அந்தக் கூலி ஒரு தொழிலாக மாறிய இடத்தைப் பார்க்க நாம் நியூயோர்க் வரைக்கும் போகவேண்டும்.

சாவியைக் கொடுத்தவர்கள்

1960களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஜிம் பக் என்ற வசதியான குடும்பத்து இளைஞர் தன்னுடைய விற்பனையாளர் வேலையை விட்டுவிட்டு மற்றவர்களுடைய நாய்களை நடத்திக்கொண்டு போகத் தொடங்கினார். நன்றாக உடுத்து, ஒரே நேரத்தில் ஐந்தாறு பெரிய நாய்களோடு தெருவில் போகிற அவரைப் பார்க்க ஆட்கள் நின்றார்கள். அந்த நகரத்தில் இதை முழுநேரத் தொழிலாக்கிய முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். உச்சத்தில் அவரிடம் இரண்டு டசின் உதவியாளர்கள் இருந்தார்கள், நாளுக்கு 150 நாய்களுக்கு மேல் நடந்தன. அவர் 2013இல் இறந்தபோது நியூயோர்க் ரைம்ஸ் அஞ்சலிக் கட்டுரை போட்டது.

கல்கத்தாவின் டூரியாவும் நியூயோர்க்கின் ஜிம் பக்கும் செய்தது ஒரே வேலை. ஒருவர் பெயரில்லாத திருடனாகப் பத்திரிகையில் வந்தார், மற்றவர் பெயரோடும் புகழோடும் வந்தார். பணக்காரக் குடும்பத்து வெள்ளைக்காரர் ஒருவர் கயிற்றைப் பிடித்ததும் அது தொழிலாகிவிட்டது என்று கசப்பாகச் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வேறொன்றும் மாறியிருந்தது. ஜிம் பக் எந்த வீட்டுக்கும் வேலைக்காரன் இல்லை. பல வீடுகளுக்கு வேலை செய்தார், விலையை அவரே சொன்னார். ஒரு வீடு வேண்டாம் என்றால் இன்னொரு வீடு இருந்தது.

அடுத்த படியை எடுத்தவர் பற்றி மோரன். அவர் 1983இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், ஆட்கள் பயணம் போகும்போது அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பிராணிகளைப் பார்த்துக்கொள்கிற தொழிலைத் தொடங்கினார். 1987இல் அதை எப்படி இலாபமாக நடத்துவது என்று ஒரு புத்தகமே எழுதினார். 1994இல் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். நாய்மேல் அன்பு எல்லாரிடமும் இருந்தது. அந்தத் தொழில் நிமிர்ந்து நின்றது எழுத்தால்: ஒப்பந்தம், காப்புறுதி, யார் எத்தனை மணிக்கு வந்து போனார் என்ற குறிப்பு, சாவியை வாங்கியதற்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் கையெழுத்து. டூரியாவிடம் இப்படி ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால், விளம்பரத்துக்கு அவரும் பதில் சொல்லியிருக்கலாம்.

ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரம் இன்னொரு பாடம் சொல்கிறது. அங்கே நாய் உலாத்துபவர்கள் நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டார்கள். நகர நிர்வாகம் அவர்களைப் பதிவு செய்யச் சொன்னது, ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு நாய்களுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று எல்லையும் போட்டது. தொழில் என்றால் அதற்கு வரம்பும் வேண்டும்.

பிறகு கைபேசி வந்தது. 2011இல் சியாட்டிலில் தொடங்கிய ரோவர் என்ற நிறுவனம் நாய்க்காரர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களையும் செயலி மூலம் இணைத்தது. ஒவ்வொரு வேலையிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு. 2023இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் அதை 230 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. நாய்ப் பிழைப்பின் சந்தை விலை இது! மழையில் நனைந்துகொண்டு கயிற்றைப் பிடிக்கிறவர் அந்த விலையில் பங்காளி இல்லை. இருநூறு வருடத்தில் வேலைக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை இப்ப செயலி எடுத்துக்கொண்டு, உலாத்துகிறவரைத் திரும்பவும் ஒரு சின்னப் படமும் நட்சத்திரப் புள்ளியுமாக ஆக்குகிறது.

வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில்

சரி, இதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேட்பீங்க.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்குகிற எந்த ஒழுங்கையை எடுத்தாலும் தொடர்மாடிகள். கொட்டாஞ்சேனையிலும் இப்ப அப்படித்தான். முற்றமும் வேலியும் இருந்த வீட்டில் நாய்க்கு ஆள் தேவையில்லை, கேட்டைத் திறந்துவிட்டால் போதும். ஐந்தாம் மாடியில் அது நடக்காது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், இங்கே அங்கிளும் அன்ரியும் ஒரு நாயும். முழங்கால் வலியோடு லிஃப்டில் இறங்கி, மரைன் டிரைவ் வரைக்கும் நாயோடு நடக்க எல்லாராலும் முடியாது. பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் வெளிநாடு போகும்போது நாயை எங்கே விடுவது? தேவை உண்மையானது.

இந்தத் தொழிலில் விற்பனைக்கு இருப்பது நம்பிக்கை. அதாவது சாவி. அங்கேதான் இந்த நகரத்தின் வரலாறு குறுக்கே வருகிறது. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்பியது. 'சரியான காரணமில்லாமல்' கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இந்தப் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, "எங்க இருந்து வாறீங்க?" என்ற கேள்வி எல்லாம் பழகிய விஷயம். பெயரை வைத்தே ஒருவரைச் சந்தேகிக்கப் பழகிய நகரத்தில், முன்பின் தெரியாத ஒரு இளைஞரிடம் வீட்டுச் சாவியை யார் கொடுப்பார்கள்?

ஆகவே நம் ஊரில் இந்தத் தொழிலை நடத்த நினைப்பவருக்கு மேலே சொன்ன வரலாறு சில காரியங்களைக் கையில் கொடுக்கிறது.

முதலாவது, பெயரைப் பதியுங்க. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யலாம். அந்தக் காகிதமும் ஒரு ரசீதுப் புத்தகமும் உங்களை 'கூப்பிட்டால் வாற பெடியன்' என்ற இடத்திலிருந்து நகர்த்தும். சாவிக்குக் கையெழுத்து, போன நேரம், வந்த நேரம், நாய் சாப்பிட்டதா என்று தினமும் ஒரு வாட்ஸ்அப் படம். இது வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஏதாவது காணாமல் போனால் அதைவிட உங்களுக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் ஏற்காதீங்க. 377 என்ற எண்ணை மறக்கவேண்டாம். நாய்களோடு தினமும் புழங்குகிற நீங்களும் முன்கூட்டியே தடுப்பூசி போடுவது பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது. கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேராக அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

மூன்றாவது, வரம்பு. நியூயோர்க்கில் ஐந்தாறு நாய்கள் சேர்ந்து போகலாம். எங்கட ஒழுங்கைகளில் ஒவ்வொரு முடக்கிலும் ஒரு கட்டாக்காலிக் கூட்டம் தன் எல்லையைக் காத்துக்கொண்டு நிற்கிறது. இங்கே ஒரு கைக்கு ஒரு நாய்தான் சரி. மத்தியானத் தார் ரோடு பாதத்தைச் சுடும் என்பதால் காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு நாய் என்றால் ஒரு ஆளுக்கு நாளுக்கு எட்டு நடை, அதற்கு மேல் ஏலாது. ஆகவே தொழில் வளர ஒரே வழி இன்னொரு ஆளைச் சேர்ப்பது. அப்படிச் சேர்க்கும்போதுதான் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரியவரும். ஜிம் பக்குக்கு இரண்டு டசின் உதவியாளர்கள் என்று மேலே வாசித்தோமே, அவர்களில் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

நான்காவது, விலை. "தெரிஞ்ச ஆட்கள்தானே, ஏதாவது பார்த்துக் குடுங்க" என்பதுதான் எங்கட ஊரில் எந்தச் சின்னத் தொழிலையும் கொல்கிற வசனம். நடைக்கு இவ்வளவு, இரவு தங்கினால் இவ்வளவு, தீபாவளி, நத்தார் நாட்களில் இவ்வளவு என்று முதலே எழுதிக் கொடுங்க. வேலைக்காரருக்கும் தொழில் செய்கிறவருக்கும் நடுவில் இருக்கிற கோடு அந்த எழுத்துத்தான்.

இந்த மாற்றம் எல்லாருக்கும் சமமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இன்றைக்கும் கொழும்பில் பெரிய வீடுகளின் நாய்களைக் குளிப்பாட்டுவதும் நடத்துவதும் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வருகிற ஆட்களே. சமையல், துடைப்பு, தோட்டத்தோடு நாயும் சேர்ந்து ஒரே சம்பளம். படித்த இளைஞர் ஒருவர் ரீசேர்ட்டில் பெயர் அடித்துக்கொண்டு வந்தால் அது பிஸ்னஸ், வீட்டில் வேலை செய்கிற அம்மா அதையே செய்தால் அது 'மற்ற வேலையோடு ஒரு வேலை'. உங்கள் தொடர்மாடியில் யாரோ ஒருவருடைய நாயைத் தினமும் கீழே கொண்டுவருகிற ஒருவர் இருப்பார். நாயின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாளைக்கு லிஃப்டில் கண்டால் அவருடைய பெயரையும் கேளுங்க. நாயைப் பார்க்கிறதுக்குத் தனியாக ஏதும் கிடைக்குதா எண்டும் கேளுங்க.